துணி வாடகை கட்டாத ஜார்ஜ் ஸ்லேட்டர்

மனிதன் ஒருவன் இறந்துவிட்டான் என்பதை முடிவு செய்யும் அதிகாரம் மருத்துவருக்கோ மண்ணுக்கோ கிடையாது. அது அலுவலகத்துக்கு மட்டுமே உரியது. இந்த உண்மையைப் போர்ட்லெனி துறைமுகத்து மக்களாகிய நாங்கள் சற்றுத் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டோம்.

அந்த ஆண்டு ஸ்காட்லாந்து முழுவதும் முன்னோர் மோகம் பிடித்து ஆட்டியது. கனடாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் பேருந்து பேருந்தாக வந்திறங்கியவர்கள், தங்கள் பாட்டன் மிதித்த கல் எது என்று கேட்டு, ஏதாவது ஒரு கல்லைக் காட்டியதும் அதன்மேல் நின்று அழுதார்கள். இத்தனை கண்ணீர் வீணாகத் தரையில் போவதைப் பொறுக்காத மாவட்ட மன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது. துறைமுகத்துக் கட்டடம் எதுவாயினும், அதைக் கட்டியவரின் வாரிசு தாமே என்று இன்றைய உடைமையாளர் நிரூபிக்க வேண்டும். தவறினால் அக்கட்டடம் ‘மூதாதையர் அனுபவ மைய’மாக மாற்றப்படும்.

முதல் இலக்கு எல்ஸ்பெத் ஸ்லேட்டரின் புகைக்கூடம். ஹாடக் மீனைப் பிளந்து, உப்பிட்டு, மரத்தூள் புகையில் தொங்கவிட்டு அவள் பொன்னிறமாக எடுக்கும் மீன்தான் எங்கள் ஊரின் காலை உணவு. அவளுடைய ஒரே பிழைப்பும் அதுதான். வாசல் கல்லில் ‘ஜார்ஜ் ஸ்லேட்டர் கட்டியது’ என்று செதுக்கியிருக்கிறது. அதைவிட வேறென்ன நிரூபணம் வேண்டும் என்று நினைத்தோம். படிக்காத நினைப்பு.

வம்சாவளிச் சரிபார்ப்பு அலுவலர் திரு. லாக்ஹார்ட் பழைய தேவாலயப் பதிவேடுகளின் நகல்களோடு வந்து, புகைக்கூடத்தில் ஒரு மீன்பெட்டியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.

“எந்த ஜார்ஜ் ஸ்லேட்டர்மா?”

“பூட்ஸ் ஜார்ஜ்.”

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் பாதிப் பேர் ஸ்லேட்டர்கள். மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயரைத்தான் வைக்க வேண்டும் என்பது மீற முடியாத வழக்கம். ஆகவே ஒரு ஜார்ஜுக்கு ஐந்து மகன்கள் என்றால், ஐவருடைய மூத்த பிள்ளைகளும் ஜார்ஜ் ஸ்லேட்டர்களே. இந்தக் குழப்பத்தில் மூழ்காமலிருக்க ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. எல்ஸ்பெத்தின் குடும்பம் ‘பூட்ஸ்’; முன்னோர் ஒருவர் பூட்ஸோடு தூங்கினாராம். எதிர்வீட்டு வில்லியின் குடும்பம் ‘சீட்டி’; அவர்களில் எவரோ படகில் சீட்டியடித்துப் புயலை வரவழைத்தாராம். தபால்காரருக்கும் வங்கிக்கும் பள்ளிக்கும் இந்தப் பெயர்கள் போதுமானவையாக இருந்தன.

“பட்டப்பெயர் ஆதாரமாகாதும்மா. பதிவேட்டுல இல்ல” என்றார் லாக்ஹார்ட். “ஞானஸ்நானம் ஆன ஜார்ஜுங்க மட்டும் ஒரு கூட்டமே இருக்கு. அதுல பாதிப் பேரு கட்டினதும் மார்கரெட்டைத்தான்.”

“அவங்கவங்க மார்கரெட்டுக்கு ஆளு தெரிஞ்சிருக்குமே தம்பி.”

“மார்கரெட்டுங்க சாட்சி சொல்ல வர முடியாது. நான் ஒவ்வொருத்தரா கழிச்சுக்கிட்டு வந்தேன். கட்டடம் கட்டறதுக்கு முன்னாடியே செத்தவங்களை எடுத்துட்டேன்.”

அந்நாளைய தேவாலயப் பதிவேடுகளில் மரணம் என்றொரு பகுதியே இல்லை. சவப்பெட்டியின்மேல் விரிக்கும் கறுப்பு வெல்வெட் துணியைத் தேவாலயம் வாடகைக்கு விட்டது. அந்த வாடகை வரவுதான் எழுதப்பட்டது. மனிதர் போனதைப் பற்றித் தேவாலயத்துக்கு வருத்தம் இருந்திருக்கலாம். கணக்கு இருந்தது துணிக்குத்தான்.

“மத்த எல்லா ஜார்ஜுக்கும் கட்டடத்துக்கு முன்னாடியே துணி எடுத்திருக்காங்க. ஒருத்தருக்கு மட்டும் எடுக்கல” என்றார் லாக்ஹார்ட் பெருமிதத்தோடு. “அப்போ கட்டடம் கட்டறப்ப மிச்சமிருந்தவர் அவர்தான். உங்க ஆளு.”

“கண்டுபிடிச்சிட்டீங்களே! டீ போடட்டுமா?”

“கொஞ்சம் பொறுங்க. ஒரு சிக்கல் இருக்கு. அவர் இன்னும் இறக்கலை.”

எல்ஸ்பெத் எடுத்த தேநீர்க் கெண்டியைத் திரும்ப வைத்தாள்.

“தம்பி, அவரு நெப்போலியன் காலத்து ஆளு.”

“வயசைப் பத்தி மன்றத்துக்கு எந்தக் கருத்தும் இல்ல. துணி வாடகை வரவு இல்லேன்னா மரணம் இல்ல. மரணம் இல்லேன்னா வாரிசு இல்ல.”

“அவரு ஏழை. படகுப் பாய்த்துணியைப் போத்திக்கிட்டுப் போனாரு. கடல்காரனுக்கு அது போதாதா?”

“பாய்த்துணிக்குப் பதிவேட்டுல கட்டம் கிடையாதும்மா.”

மறுவாரமே புகைக்கூடக் கதவில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. ‘உடைமையாளர் திரு. ஜார்ஜ் ஸ்லேட்டர் எதிர்வரும் வெள்ளிக்கிழமை முற்பகல் நேரில் வருகை தருமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார். தவறும்பட்சத்தில் கட்டடம் மன்றத்தைச் சேரும்.’ நடக்க இயலாதவர்களுக்குச் சாய்தள வசதி உண்டு என்ற அடிக்குறிப்பும் இருந்தது.

அதைப் படித்த சீட்டி வில்லி தொப்பியைக் கழற்றிவிட்டான். “எல்ஸ்பெத்தக்கா, என்ன பண்ணப் போறே?”

“வரச் சொல்லியிருக்காங்க இல்ல? வருவாரு. படுத்துக்கிட்டு வருவாரு.”

“சவத்துணி? நம்ம தேவாலயத்துல அது இல்லாம எத்தனையோ காலமாச்சே.”

எல்ஸ்பெத் புகை வெளியேறாமலிருக்க வாசலில் தொங்கிய திரையைப் பிடித்து ஓர் உதறு உதறினாள். மரத்தூளும் மீன்செதிலும் உதிர்ந்ததும், உள்ளே கறுப்பு வெல்வெட் தெரிந்தது. தேவாலயம் கழித்துக்கட்டியதை என்றோ ஒரு பூட்ஸ் ஏலத்தில் எடுத்து மாட்டியிருந்தார். அந்த நாற்றத்துக்குப் பயந்து பூச்சிகூட அதை அரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நடந்தது போல ஒழுங்கான சவ அடக்கத்தை நான் பார்த்ததில்லை. ஹெர்ரிங் மீன் பெட்டிக்கு மேல் துணி விரித்திருந்தது. பாதிரியார் அம்மையார் இருமுவது போல் சிரித்துக்கொண்டே துணி வாடகைக்கு ரசீது எழுதினார். இறந்தவரைப் பார்த்தே இராத ஸ்லேட்டர்கள் அத்தனை பேரும் கறுப்புக் கழுத்துப்பட்டையோடு மலைமேலிருந்த கல்லறைத் தோட்டத்துக்கு ஏறி வந்தார்கள். சீட்டி வில்லி உண்மையாகவே அழுதான். அவன் எந்த அடக்கத்திலும் அழுபவன். லாக்ஹார்ட் குழியருகே நின்று குறிப்பெடுத்தார்.

“பெட்டிக்குள்ள யாரு இருக்காங்கம்மா?”

“பதிவேட்டுல ‘உள்ளே யாரு’ன்னு கட்டம் இருக்கா?”

அவர் புரட்டிப் பார்த்தார். “இல்ல. தேதி, துணி, வாடகை.”

“அப்புறம் எதுக்கு இல்லாத கட்டத்தை நிரப்பறீங்க?”

அது நியாயமென்று அவருக்கே பட்டது.

பெட்டியைக் கயிறுகளால் இறக்கும்போது தலைமாட்டுக் கயிறு மிக நெருங்கிய உறவுக்கே உரியது. உயிருள்ளவர்களின் எந்தச் சான்றிதழைவிடவும் எங்கள் ஊர் அந்தக் கயிற்றைத்தான் மதிக்கும். அதற்காக அண்ணன் தம்பிகள் ஆயுள் முழுவதும் பேசாமலிருந்திருக்கிறார்கள். எல்ஸ்பெத் முன்னால் போய் அதைக் கையில் சுற்றிக்கொண்டாள். ஒரு ஸ்லேட்டரும் மறுக்கவில்லை. லாக்ஹார்ட் எழுதினார்: ‘ஜார்ஜ் ஸ்லேட்டர் இன்று முறைப்படி இறந்தார். நெருங்கிய உறவு, எல்ஸ்பெத் ஸ்லேட்டர். கட்டடம் அவருக்கே.’

ஓட்ஸ் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் விஸ்கியுமாகப் பிற்பகல் கழிந்தது. அலுவலகத்தின் மூக்கை உடைத்துவிட்டதாக ஒவ்வொருவரும் ஒவ்வொருவர் முதுகையும் தட்டிக்கொண்டோம்.

திங்கட்கிழமை காலை சீட்டி வில்லி புகைக்கூடத்துக்கு வந்து, தொப்பியைத் திருகிக்கொண்டே நின்றான்.

“அக்கா, எங்க கொள்ளுத்தாத்தாவுக்கும் துணி எடுக்கலையாம். படகுக் கொட்டகை அவரு பேர்ல இருக்கு. அந்தத் துணியைக் கொஞ்சம் குடேன்.”

“உனக்கில்லாததா. எடுத்துட்டுப் போ.”

அவனுக்குப் பின்னால் ‘பக்கெட்’ என்ற பட்டப்பெயர்க் குடும்பம் நின்றது. அதற்குப் பின்னால் கனடாக்காரர்கள் நிறைந்த ஒரு பேருந்து நின்றது. தங்கள் பாட்டன் சாகவே இல்லை என்று கேள்விப்பட்டு அவர்கள் ஒருபுறம் மகிழ்ந்தார்கள். மறுபுறம், தலைமாட்டுக் கயிற்றைத் தாங்களே பிடிக்கலாமா என்று ஆவலோடு விசாரித்தார்கள். வாசலில் திரை இல்லாததால் புகை நிற்கவில்லை. புகை நிற்காததால் எல்ஸ்பெத் மீன் தொங்கவிடவில்லை. கொக்கிகளில் இப்போது கறுப்புக் கோட்டுகள் தொங்குகின்றன, அளவு வாரியாக. துக்கம் விசாரிக்க ஆள் தேவைப்படுவோருக்கு நாங்கள் முறைவைத்துப் போய் நிற்கிறோம். போன மாதம் லாக்ஹார்ட் சொந்தக் காரணமாக வந்தார். அவருடைய முன்னோர்களில் ஐந்து பேர் இன்னும் உயிரோடிருப்பது தெரியவந்ததாம். ஐவரும் ஒருவருக்கொருவர் உறவினர் என்பதால் ஐந்து அடக்கத்தையும் மொத்தமாக முடிக்க முடியுமா என்று கேட்டார்.

மாவட்ட மன்றம் கடந்த வாரம் எல்ஸ்பெத்தைப் பாராட்டிக் கதவின்மேல் பித்தளைப் பலகை பதித்தது: ‘முன்மாதிரி மூதாதையர் அனுபவ மையம்’. நாங்கள் கைதட்டினோம். நானும் என் பங்குக்கு என் அப்பாவின் பாட்டனுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை பதிவு செய்துவிட்டு வந்தேன்.

அத்தோடு போர்ட்லெனியின் முன்னோர்கள் எல்லோரும் குறைவின்றி இறந்துவிடுவார்கள். காலையில் சாப்பிட மீன் இல்லாமல் தவிப்பவர்கள், இன்னும் மேலே துணி விரிக்கப்படாத நாங்கள் மட்டும்தான்.