எஃகு வளையமும் இரண்டாம் தட்டும்

கார்மைன் சுட்ட பீட்சாவை இனி இந்தத் தெருவில் ஒருவரும் தின்னக் கூடாது. ஆகஸ்ட் முதல் வாரம், காலைக் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது இந்த முடிவை எடுத்தேன். எடுத்த வேகத்தில் காப்பி மூக்கில் ஏறிவிட்டது.

காரணம், குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த ஒரு தாள். செப்டம்பரில் அமெரிக்கத் தொழிலாளர் தின விடுமுறை வந்தால் எங்கள் தெருவை இரண்டு பக்கமும் அடைத்து விருந்து வைப்போம். எந்த வீட்டுக்காரர் எதைக் கொண்டுவருவது என்று ஒரு தாளில் எழுதுவார்கள். இந்த வருஷம் அந்தத் தாளைக் கவனிக்கும் முறை என் மனைவி ஆர்லீனுக்கு. 'முக்கிய உணவு' என்ற வரியில் இருபத்திரண்டு வருஷமாக என் பெயர்தான். என் கிரில், என் கரி, என் சாஸேஜ். இந்த வருஷம் அதே வரியில் 'கார்மைன், பீட்சா' என்று பென்சிலால் எழுதியிருந்தது. என் பெயரைத் தேடிக்கொண்டு கீழே போனேன். உருளைக்கிழங்கு சாலட்டைத் தாண்டினேன். சோளத்தைத் தாண்டினேன். நாய்களுக்குத் தண்ணீர் வைப்பவரையும் தாண்டினேன். கடைசி வரி: 'காகிதத் தட்டு, எல்மர்.'

"ஆர்லீன்! இதை யாரு எழுதினது?"

"நான்தான். கல்யாணமாகி நாப்பத்தாறு வருஷமாச்சு, என் கையெழுத்து தெரியலையா?"

"நான் காகிதத் தட்டா?"

"நல்ல தட்டா வாங்கு. போன வருஷத் தட்டு சாலட் வெச்சதும் மடங்கிப்போச்சு."

"என் சாஸேஜுக்கு என்ன குறை?"

"ஒரு குறையும் இல்ல. ஜனங்க இருபத்திரண்டு வருஷம் தின்னுட்டாங்க. போதுங்கிறாங்க."

"எந்த ஜனங்க?"

"ஏன், நான் ஜனம் இல்லையா?"

கார்மைன் யார் என்று சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரன். நியூ ஜெர்சியில் முடி வெட்டிக்கொண்டிருந்தவன், ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இங்கே விஸ்கான்சினுக்கு வந்தான். வந்த மாதமே கொல்லையில் செங்கல் வைத்து பீட்சா அடுப்பு கட்டினான். முதல் தெருவிருந்தில் என் சாஸேஜை ஒரு கடி கடித்தான். மென்றான். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எல்மர், கரி ரொம்ப நல்லா இருக்கு. சாஸேஜ் எங்க?" என்றான். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அன்றையிலிருந்து அவனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். முப்பத்தாறு வருஷம் பால் லாரி ஓட்டினேன். தனியாக லாரி ஓட்டுகிறவனுக்கு வேறு வேலை கிடையாது, யார் யார் என்ன சொன்னார்கள் என்று திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டே போகலாம். ரேகன் அதிபராக இருந்தபோது என் மைத்துனன் வாங்கிப்போய் இன்னும் திருப்பித் தராத ஏணி எத்தனை படி என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். பதினான்கு.

ஆனால் கார்மைனின் மனைவி ரோசலியும் ஆர்லீனும் ஒருத்தர் சமையலறையில் ஒருத்தர்தான் எப்போதும். எங்கள் சண்டை அவர்களுக்குத் தொற்றவில்லை. தடுப்பூசி போட்டுக்கொண்டார்களோ என்னவோ.

முடிவெடுத்த பத்தாம் நாள், என் கிரில்லிலேயே பீட்சா சுட நான் வரவழைத்த பெட்டி வந்தது. உள்ளே ஓர் எஃகு வளையம். உருண்டைக் கெட்டில் கிரில்லின் சட்டிக்கும் மூடிக்கும் நடுவில் இதை உட்கார வைத்தால், முன்னால் ஒரு வாய் திறந்திருக்கும். உள்ளே ஒரு தட்டைக் கல். அடியில் கரி, பக்கத்தில் விறகு. பீட்சாவை வாய் வழியாகத் தள்ள வேண்டியதுதான். செங்கல் வேண்டாம், கொத்தனார் வேண்டாம், நியூ ஜெர்சி வேண்டாம்.

வளையம் நல்ல வட்டம். என் கிரில் அப்படியில்லை. ஒரு குளிர்காலத்தில் அதன் மேல் என் வண்டியைப் பின்னால் எடுத்துவிட்டேன். அன்று முதல் அது வட்டமும் இல்லை, முட்டையும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு முடிவுக்கு வராமல் நிற்கிறது. வளையத்தை வைத்தால் இடப்பக்கம் உட்கார்ந்தது, வலப்பக்கம் எழுந்தது. ரப்பர் சுத்தியலால் வலப்பக்கம் தட்டினேன். இடப்பக்கம் எழுந்தது.

சமையலறை ஜன்னல் திறந்தது.

"எல்மர், நீ அதை அடிக்கிறியா, அது உன்னை அடிக்குதா?"

"இது நுணுக்கமான வேலை."

"தெரு முனை வரைக்கும் நுணுக்கம் கேக்குது."

கடைசியில் இடைவெளி முழுவதிலும் அலுமினியத் தாளைச் சுருட்டித் திணித்தேன். கைப்பிடிகளை முடுக்கினேன். ஒரு திருகாணி மிச்சமானது. அதைப் பையில் போட்டுக்கொண்டேன். மூடியை மேலே வைத்ததும் கிரில் வாயைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரிப்பதுபோல இருந்தது.

முதல் பீட்சா: கல்லுக்கு நேர் கீழே கரியைக் குவித்தேன். அடிப்பக்கம் தார் ரோடு. மேல்பக்கம் பச்சை மாவு, அதன் மேல் சீஸ் இன்னும் கடையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு படுத்திருந்தது.

ஆர்லீன் அதைச் சுண்டிப் பார்த்தாள். டங் என்றது.

"கூரையில ஒரு ஓடு ஒழுகுதுன்னு சொன்னியே."

இரண்டாம் பீட்சா, அதை உள்ளே தள்ளும் நீளக் காம்புத் துடுப்பை விட்டு இறங்க மாட்டேன் என்றது. ஓர் உதறு உதறினேன். சாஸேஜும் சீஸும் தீக்குள் போயின, மாவு துடுப்பிலேயே இருந்தது.

"கரியைப் பின்பக்கமா ஒதுக்கினா என்ன?" என்றாள் ஆர்லீன். "துடுப்புல கொஞ்சம் சோளமாவு தூவினா என்ன?"

"உனக்கு இதுல என்ன தெரியும்? தீ என் விஷயம்."

"சரிப்பா. உன் விஷயம்."

அவள் கடைக்குப் போன நேரம் பார்த்துக் கரியைப் பின்னால் ஒதுக்கினேன். சோளமாவு தூவினேன். பீட்சா வழுக்கிக்கொண்டு உள்ளே போய், மேலும் கீழும் ஒரே நிறமாக வெளியே வந்தது. அவள் திரும்பி வந்ததும் நானே கண்டுபிடித்ததாகச் சொன்னேன். "எப்படித்தான் தோணுதோ உனக்கு!" என்றாள். அந்தப் பாராட்டை நான் அப்போதே சந்தேகித்திருக்க வேண்டும்.

"இப்ப தாள்ல பேரை மாத்து," என்றேன்.

"எப்படி மாத்த முடியும்? கார்மைன் மூஞ்சியைத் தூக்கி வெச்சுப்பான். ரோசலிதான் பாவம். ஒண்ணு செய்வோம். சனிக்கிழமை ரெண்டு பேரும் சுடுங்க. யாருதுன்னு தெரியாம தின்னு பாருங்க. எது நல்லா இருக்கோ அதுதான் விருந்துக்கு."

"யாரு தின்னு பாக்கிறது?"

"நீங்க ரெண்டு பேரும்தான். மத்தவங்களுக்கு என்ன தெரியும்? பனி தள்ளுற மெஷினை யாரு இரவல் குடுத்தாங்களோ அவங்களுக்கு ஓட்டுப் போடுவாங்க."

"அவன் பொய் சொல்லுவான்."

"உன்னைப் பத்தி அவனும் அதையேதான் சொன்னானாம். அதனாலதான் தெரியாம தின்னணும்."

நியாயமாகப் பட்டது. என் பீட்சாவை எனக்குத் தெரியாதா? முதல் கடியிலேயே கண்டுபிடித்துவிடுவேன். அவன் வேண்டுமானால் ஏமாறட்டும்.

சனிக்கிழமை வந்தது. இரண்டு வீட்டுக்கும் ஒரே கடைச் சீஸ், ஒரே கடைச் சாஸேஜ். அவன் கொல்லையில் அவன் புகை, என் கொல்லையில் என் புகை. வேலிக்கு மேலே இரண்டும் கலந்தது எனக்குப் பிடிக்கவில்லை. ரோசலி அவனுடையதை மூடி எடுத்து வந்தாள். இரண்டையும் எங்கள் சமையலறைக்குள் கொண்டுபோய்ப் பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

எங்கள் ஊரில் பீட்சாவைச் சின்னச் சின்னச் சதுரமாகத்தான் வெட்டுவோம். கார்மைன் முக்கோணக்காரன். அவன் வந்த நாளிலிருந்து தெருவில் இது ஒரு வழக்கு. அன்றைக்கு ஆர்லீன் சதுரமாகத்தான் வெட்டுவேன் என்றாள். அதிலும் நடுச்சதுரம் மட்டும். ஓரம் இருந்தால் யார் கை என்று தெரிந்துவிடுமாம். கார்மைன் முனகினான். எனக்கு அதுவே பாதி வெற்றி.

தாழ்வாரத்து மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். ஆளுக்கு இரண்டு தட்டு வந்தது. ஒன்று, இரண்டு என்று எண் எழுதியிருந்தது. தட்டுக்கு ஒரு சதுரம்.

ஒன்றாம் தட்டைக் கடித்தேன். கடினம். புகை நாற்றம். சாஸேஜ் ஒரு பக்கம் வேகவில்லை. ஆஹா, கார்மைன், அகப்பட்டாயா! கைதுடைக்கும் தாளில் துப்பினேன். எதிரே அவனும் தன் ஒன்றாம் தட்டைத் துப்பிக்கொண்டிருந்தான். தன்னுடையதையே துப்புகிறான் பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் தட்டு. மெத்தென்று இருந்தது. சீஸ் இழுத்தது. உப்பு அளவாக இருந்தது. கண்ணை மூடினேன். இதுதான் என்னுடையது. என் கரி, என் கை, என் சோளமாவு!

"எது?" என்றாள் ஆர்லீன்.

"ரெண்டு!" என்றேன்.

"ரெண்டு!" என்றான் கார்மைன்.

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒன்பது வருஷம் கழித்து உண்மையை ஒப்புக்கொண்டானே! எழுந்தேன். கையை நீட்டினேன். ஒன்பது வருஷத்தில் முதல் வார்த்தை பேசினேன்.

"கார்மைன், நீ பெரிய மனுஷன்யா."

"இல்ல எல்மர், நீதான்யா பெரிய மனுஷன். வாயைத் திறந்து ஒத்துக்கிட்டியே."

"நான் எதை ஒத்துக்கிட்டேன்?"

"என்னுது நல்லா இருக்குன்னு."

"யோவ், ரெண்டாம் தட்டு என்னுதுய்யா!"

"உன்னுதா? உன்னுதைத்தான் நான் துப்பினேன்! செத்த மாடு மாதிரி இருந்துச்சு!"

"உன்னுது செருப்புத் தோல்!"

"ரெண்டு பேரும் கையை விடுங்க, இல்லாட்டி குலுக்கி முடிங்க," என்றாள் ஆர்லீன். அப்போதுதான் பார்த்தேன், கையை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தோம். "எல்மர், உன் ஒண்ணாம் தட்டுல இருந்தது உன் பீட்சா. கார்மைன், உங்க ஒண்ணாம் தட்டுல இருந்தது உங்க பீட்சா. அவங்கவங்க சொந்தச் சரக்கை அவங்கவங்களே துப்பினீங்க."

நாங்கள் இருவரும் கையை விட்டோம்.

"அப்ப ரெண்டாம் தட்டு?" என்றான் கார்மைன், தேய்ந்த குரலில்.

ரோசலி ஓர் அட்டைப்பெட்டியை மேஜையில் வைத்தாள். உறைய வைத்த பீட்சா. ஊர் தீயணைப்புப் படைக்குப் புது வண்டி வாங்க வீடு வீடாக விற்றார்களே, அது.

"மின்சார அடுப்புல சுட்டோம்," என்றாள் ரோசலி. "நீங்க ரெண்டு பேரும் வெளியில சண்டைக்கோழி மாதிரி நின்னுட்டிருந்தப்ப."

கார்மைன் பெட்டியைத் தொட்டுப் பார்த்தான். "நான் மாவைப் பதினெட்டு மணி நேரம் ஊற வெச்சேன்," என்றான். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை. எனக்கு முதல்முறையாக அவன் மேல் இரக்கம் வந்தது. உடனே அடக்கிக்கொண்டேன்.

"அப்ப விருந்துக்கு?" என்றேன்.

"அதுதான். அறுபது பெட்டி. ஜூன் மாசமே சொல்லி வெச்சாச்சு."

"ஜூனா? அப்ப தாள்ல கார்மைன் பேரை எழுதினது?"

"பென்சில்லதானே எழுதினேன்." ஆர்லீன் என் முன்னால் உட்கார்ந்தாள். "எல்மர், அறுபது பீட்சாவை என் அடுப்புல ஒண்ணொண்ணா சுட்டா மறுநாள் காலை ஆயிடும். ரெண்டு நெருப்பு வேணும். ஒண்ணு பக்கத்து வீட்ல இருக்கு. இன்னொண்ணுக்கு உன் கிரில்ல வளையம் மாட்டணும். மாட்டுன்னு நான் சொல்லியிருந்தா மாட்டியிருப்பியா?"

"செத்தாலும் மாட்டியிருக்க மாட்டேன்."

"இவர் பேரை எழுதினேன். பத்து நாள்ல மாட்டிட்டே."

"நான்?" என்றான் கார்மைன் ரோசலியைப் பார்த்து. "அறுபது பெட்டி பீட்சாவை என் செங்கல் அடுப்புல வைக்க நான் சம்மதிச்சிருப்பேனா?"

"மாட்டீங்க," என்றாள் ரோசலி. "ஆனா இனிமே எதைச் சொல்லி மாட்டேம்பீங்க? ஒரு வாய் தின்னுட்டு 'ரெண்டு'ன்னு கத்தினீங்களே. சாட்சிக்கு நாங்க இருக்கோம். தெருவுக்கே சொல்லட்டுமா, சொல்லாம இருக்கட்டுமா?"

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். ஒன்பது வருஷத்தில் நாங்கள் ஒத்துப்போன முதல் விஷயம், தெருவுக்குச் சொல்ல வேண்டாம் என்பதுதான்.

விருந்து நாள். வேலியில் இரண்டு பலகையைக் கழற்றிவிட்டார்கள். அந்தப் பக்கம் அவன் அடுப்பு, இந்தப் பக்கம் என் கிரில். பெட்டிகளை உள்ளேயே பிரித்து, வெறும் பீட்சாவைத் தட்டில் வைத்து மூடிக் கொண்டுவந்து தந்தார்கள். தெருவே வரிசையில் நின்றது. "எல்மர், இத்தனை வருஷமா இதை எங்கப்பா ஒளிச்சு வெச்சிருந்தே?" என்றார்கள். இருபத்திரண்டு வருஷம் என் சாஸேஜுக்கு ஒருவரும் இப்படிக் கண்ணை மூடி ருசித்ததில்லை. அதையும் குறித்துக்கொண்டேன்.

எதிர்வீட்டு மார்ஜரி இரண்டாவது முறை வந்தாள். "எல்மர், கார்மைன், ரெண்டு பேரும் எப்படிப் பதம் பாக்கிறீங்க? அந்த ரகசியத்தைச் சொல்லுங்களேன்."

கார்மைன் தொண்டையைக் கனைத்தான். "அது கைப்பழக்கம்," என்றான்.

"தீயோட நெறத்தைப் பாத்தே சொல்லிடுவோம்," என்றேன் நான்.

சமையலறை ஜன்னலில் ஆர்லீன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பீட்சாப் பெட்டி அட்டையில் போட்டிருந்த நேரத்தைப் பார்த்தாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து ஒரு விரலை ஆட்டினாள்.

இருவரும் பீட்சாவை வெளியே எடுத்தோம்.