இரண்டாவது பொத்தான்

பதினொரு பேருக்கும் இரண்டாவது பொத்தானைக் காணவில்லை.

கஜந்தினிதான் அதை முதலில் கண்டாள். பழைய ஆவணங்களைக் கணினியில் ஏற்றிக் காப்பாற்றும் நூலகத் திட்டமொன்றிலிருந்து வந்த பிள்ளை அவள். உடுவில் முன்னாள் படைவீரர் சங்கத்தின் தகரப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, இரண்டாம் உலக யுத்த காலத்துப் படங்களை ஒவ்வொன்றாக ஸ்கான் செய்துகொண்டிருந்தாள்.

"ஐயா, ஒண்டு சொன்னாக் கோவிக்க மாட்டியளே? எல்லாரும் போட்டிருக்கிறது ஒரே சட்டை."

"பட்டாளத்திலை பின்னை ஆளுக்கொரு நிறமே குடுப்பாங்கள்?" என்றார் சங்கச் செயலாளர் கதிரவேலு.

"ஒரே மாதிரிச் சட்டை எண்டு சொல்லேல்லை, ஐயா. ஒரே சட்டை. இடப்பக்கப் பொக்கற்றிலை மைக்கறை. ரண்டாவது தெறி இல்லை. பதினொரு படத்திலையும்."

கதிரவேலு கண்ணாடியைக் கழற்றி, வேட்டியில் துடைத்து, திரும்பப் போட்டுப் பார்த்தார். கறை இருந்தது. பொத்தான் இல்லை. ஒல்லியானவருக்குச் சட்டை தொளதொளவென்று தொங்கியது. பருத்தவருக்கு வயிற்றில் பிதுங்கியது. சங்கத்தின் முதல் தலைவரும் கதிரவேலுவைப் பெற்றவருமான நடராசாவுக்கு மட்டும் அளவாக இருந்தது. ஆனால் பொத்தான் அவருக்கும் இல்லை.

வேறு நாளாக இருந்தால் கதிரவேலு இதைச் சிரித்துக் கடத்தியிருப்பார். ஆனால் வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் காணிக் கந்தோரிலிருந்து அதிகாரி ஒருவர் வருகிறார். சங்க மண்டபம் நிற்கும் காணி, யுத்தத்துக்குப் போனவர்களுக்கென்று வெள்ளைக்கார அரசாங்கம் கொடுத்தது. ஆரம்ப உறுப்பினரில் ஒருவராவது துவக்குத் தூக்கிப் போர்முனைக்குப் போனவர் என்று ஆவணத்தோடு காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மண்டபம் சந்தைக்காரரின் வெங்காயக் களஞ்சியம் ஆகிவிடும்.

அந்தப் படங்களுக்காகக் கதிரவேலு பட்டது கொஞ்சமில்லை. வீட்டில் பட்டாள உடுப்புப் போட்ட படம் ஒன்று இருந்தால், அது எந்தப் பக்கத்து உடுப்பு, எந்தக் காலத்து உடுப்பு என்று கேட்க யாருக்கும் பொறுமை இல்லாத காலம் ஒன்று இருந்தது. ஊரெல்லாம் படங்களைக் கிழித்து அடுப்பில் போட்டபோது அவர் மட்டும் கோழிக்கூட்டுக்குக் கீழே கிடங்கு வெட்டித் தாட்டார். தொண்ணூற்றைந்தில் ஊரே இடம்பெயர்ந்தபோது, மனைவியின் தையல் மெசினை விட்டுவிட்டு அந்தத் தகரப் பெட்டியைச் சைக்கிளில் கட்டினார். மனைவி அதை இன்னும் மறக்கவில்லை.

"உந்தப் பன்னிரண்டாவது படம், ஐயா?" என்று கேட்டாள் கஜந்தினி.

அதில் மேலுடம்பில் ஒன்றுமில்லாத ஓர் இளைஞன் நாலு முழ வேட்டியோடு விறைப்பாக நின்றான். கழுத்தில் கறுப்புக் கயிறு. அதில் வட்டமாக ஏதோ தாயத்து.

"அதை விடு பிள்ளை. அது எங்கடை பத்மாசினியின்ரை தகப்பன், செல்லன். சங்கத்து வளவு கூட்டின மனிசன்."

மண்டபத்தைக் கூட்டித் தேத்தண்ணி போடும் பத்மாசினி விளக்குமாற்றை நிறுத்தினாள். அவளுக்கு அறுபத்தைந்து வயது.

"அப்பரும் சங்கத்திலை இருந்தவர்தானே, ஐயா. அந்தப் படத்தையும் ஒருக்கால் சுவரிலை..."

"இருந்தவர்தான். ஆர் இல்லையெண்டது? உடுப்பில்லாத ஆளைச் சுவரிலை கொழுவினா வாறவன் என்ன நினைப்பான்? தேத்தண்ணி என்ன மாதிரி?"

பத்மாசினி தேத்தண்ணி போடப் போனாள். இருபது வருடமாக அவள் கேட்கிறாள், இருபது வருடமாக அவருக்குத் தேத்தண்ணி விடாய் வருகிறது.

அன்று பின்னேரமே கதிரவேலு கொக்குவிலுக்குப் போனார். அங்கே ஜெரோசன் கலியாணப் படம் எடுக்கிற ஸ்டூடியோ வைத்திருந்தான்.

"தம்பி, பதினொரு பேருக்கும் ஒவ்வொரு தெறி போடவேணும். கறையை எடுத்துவிடு. வேறை ஒண்டும் செய்யாதை."

"விடுங்கோ ஐயா, நான் பாத்துச் செய்யிறன்."

பார்த்துத்தான் செய்திருந்தான். அடுத்த நாள் வாங்கிப் பிரித்தபோது கதிரவேலுவுக்குத் தலை சுற்றியது. நடராசாவின் நெஞ்சில் ஆறு பதக்கங்கள். முகம் மாவாக வெளுத்து, உதடு சிவந்திருந்தது. காக்கிச் சட்டை போய், பச்சையும் மண்ணிறமுமாகப் புள்ளி போட்ட சட்டை வந்திருந்தது. பின்னால் ஒரு ஹெலிகொப்டர் பறந்தது.

"உதட்டுக்கு ஏனடா நிறம்?"

"பொம்பிளை மாப்பிளைக்குச் செய்யிறதுதான், ஐயா. கைப்பழக்கத்திலை வந்திட்டுது. திருத்தித் தரட்டே? வெள்ளிக்கிழமை எடுக்கலாம்."

வெள்ளிக்கிழமை மண்டபத்துக்குள் வெங்காயம் இருக்கும். கதிரவேலு இருந்ததைச் சுருட்டிக்கொண்டு வந்தார்.

படம் கைவிட்டாலும் பழைய கூட்டக் குறிப்புப் புத்தகம் கைவிடாது என்று அதைப் புரட்டினார். ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்தாறாம் ஆண்டு, ஆவணி மாதக் கூட்டம். தீர்மானம் இரண்டு, அப்பாவின் முத்து முத்தான கையெழுத்தில்:

'படம் பிடிக்கும் தினத்தில் சட்டையை வாங்கி வந்து, முறைப்படி ஒருவர் பின் ஒருவராக அணிந்து, மாலை ஐந்து மணிக்கு முன்னர் கழுவித் திருப்பிக் கொடுத்தல்.'

கதிரவேலு அந்தப் பக்கத்தை மூன்று தரம் வாசித்தார். பிறகு கோந்துப் போத்தலை எடுத்து, அந்தப் பக்கத்தையும் அடுத்த பக்கத்தையும் ஒட்டினார். அவசரத்தில் கோந்து கூடிவிட்டது. முழுப் புத்தகமும் செங்கல்லாகிப் போனது.

"காரியமில்லை, ஐயா. அந்தப் புத்தகத்தை நான் முதலே ஸ்கான் பண்ணிட்டன்," என்று ஆறுதல் சொன்னாள் கஜந்தினி. "படங்களும் புத்தகமும் எல்லாம் நேற்றே கந்தோருக்கு ஈமெயிலிலை போட்டாச்சு."

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அதிகாரி அடைக்கலநாதன் மடிக்கணினியோடு வந்தார். சுவரில் மாலை போட்ட பதினொரு புதுப்படங்கள். அவர் சுவரைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், திரும்பச் சுவரைப் பார்த்தார்.

"நேற்று உங்கடை அப்பாவுக்கு ஒரு பதக்கமும் இல்லை. இண்டைக்கு ஆறு."

"பிந்தித்தான் குடுத்தவை," என்றார் கதிரவேலு.

"எண்பது வருசம் பிந்தியோ? உந்தப் புள்ளி போட்ட ஆமி உடுப்பைப் பொதுசனம் வைச்சிருக்கிறதே குற்றம், ஐயா. படத்தைக் கண்டா உங்களையெல்லோ கொண்டு போவாங்கள்."

அடைக்கலநாதன் கெட்டவரில்லை. தீர்மானம் இரண்டை மெதுவாக வாசித்துக் காட்டி, மெதுவாகவே கேட்டார். "சொல்லுங்கோ, இந்தப் பதினொரு பேரிலை ஆர் சண்டைக்குப் போனவர்?"

அப்பா யுத்தக்கதை சொல்லும்போதெல்லாம் அதில் அரிசி மூட்டையும் கணக்குப் புத்தகமும்தான் வரும் என்பது கதிரவேலுவுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆனாலும் விடுகிற ஆளா அவர். கதிரையை இழுத்துக்கொண்டு போய் வாசலுக்குக் குறுக்கே போட்டு இருந்தார்.

"ஷெல் விழேக்கை விடாத பெட்டி இது. இப்ப உங்கடை கடுதாசிக்குப் பயந்து விடுவனே? என்னைத் தூக்கி றோட்டிலை வைச்சிட்டு வெங்காயத்தை உள்ளை கொண்டு வாங்கோ. பத்மாசினி, துரைக்குத் தேத்தண்ணி குடு."

"தேத்தண்ணி பிறகு, ஐயா," என்றாள் பத்மாசினி.

கதிரவேலு திரும்பிப் பார்த்தார். இருபது வருடத்தில் முதல்தரம்.

அவள் அலுமாரிக்குப் பின்னாலிருந்த பன்னிரண்டாவது படத்தை எடுத்து மேசையில் வைத்தாள். பக்கத்தில் பொலித்தீன் பையில் சுற்றிய சிறிய புத்தகம் ஒன்றையும் வைத்தாள்.

"நானும் கோழிக்கூட்டுக்குக் கீழைதான் தாட்டு வைச்சனான்."

அடைக்கலநாதன் பிரித்து வாசித்தார். அது பட்டாளத்திலிருந்து விடுவிக்கும்போது கொடுக்கிற புத்தகம். பெயர் செல்லன். எகிப்துப் பாலைவனம், நான்கு வருடம், காலில் ஒரு குண்டுக் காயம். அவர் தன் கோவையைத் திறந்து, விரலை வைத்து இலக்கத்தை ஒப்பிட்டார்.

"காணி உறுதிப் பத்திரத்திலை பேரில்லை, படை இலக்கம் மட்டும்தான் இருக்கு. அது இதுதான். இந்தக் காணியே இவராலைதான் கிடைச்சிருக்கு."

கஜந்தினி திரையில் பன்னிரண்டாவது படத்தைப் பெருப்பித்தாள். கறுப்புக் கயிற்றில் தொங்கியது தாயத்து அல்ல. அரச கிரீடம் பொறித்த பித்தளைப் பொத்தான்.

கதிரவேலுவுக்கு வெட்கமாக இருந்தது. மண்டபம் தப்பிய சந்தோசத்தையும் அந்த வெட்கம் தின்றுவிட்டது. எழுந்து போய், உதடு சிவந்த அப்பாவை ஆணியிலிருந்து கழற்றினார். மாலையோடு அந்த ஆணியில் செல்லனைக் கொழுவினார்.

அடைக்கலநாதன் மட்டும் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "துவக்குத் தூக்கினது இவர். பிறகேன் இவர் மட்டும் வெறும் மேலோடை நிக்கிறார்?"

பத்மாசினி சீலைத் தலைப்பால் படக்கண்ணாடியைத் துடைத்தாள்.

"எங்கடை சாதி ஆக்கள் ஊருக்குள்ளை சட்டை போடக்கூடாது எண்டு அப்பருக்குச் சொன்னவை, ஐயா. சொன்ன பதினொரு பேரும்தான் பிறகு அவரின்ரை சட்டையைப் போட்டுக்கொண்டு படத்துக்கு நிண்டவை."