படுத்தே பேசிய தாய்மாமன்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற ஒரு பொருளைப் பார்த்தால் மற்றவர்களுக்கு நிம்மதி வரும். எனக்குக் கை அரிக்கும். எங்கள் வீட்டு மிக்ஸியும் பக்கத்து வீட்டு காலிங் பெல்லும் இதற்குச் சாட்சி. திருவையாற்றுப் பக்கம் மாமனார் வீட்டுக்குப் போனால், "மாப்ள வர்றாரு, மோட்டார் ரூமைப் பூட்டுங்கடா" என்று என் காதுபடவே சத்தம் கேட்கும். (முன்பு ஒருமுறை அவருடைய பம்புசெட்டைச் 'சரிசெய்து' கொடுத்திருந்தேன்.)

அதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது லேப்டாப் விவகாரம்.

என் மனைவி கவிதாவின் அண்ணன் செந்தில் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறார். முன்பு லீவில் வந்தபோது எங்களுக்கு ஒரு குட்டி லேப்டாப் கொடுத்துவிட்டுப் போனார். பின்பக்கமாக மடக்கினால் டேப்லெட் ஆகிவிடும் ரகம். உள்ளே ஏஆர்எம் சிப், அதாவது செல்போனில் இருக்கிற மாதிரி மூளை. நாளடைவில் அதற்கு அப்டேட் வருவது நின்றுபோனது. வீடியோ கால் போட்டால், உங்கள் பிரவுசர் பழசு என்று சொல்லிக் கதவைச் சாத்தியது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் மகள் யாழினிக்குக் காதுகுத்து வைத்தோம். காதுகுத்து என்றால் தாய்மாமன் மடி வேண்டும். செந்தில் மச்சானுக்கோ லீவு கிடைக்கவில்லை. மடிக்கு அவருடைய சித்தப்பா மகன் குமார் வந்துவிடுவார். ஆனால் மாமியார் ஒரே பிடியாக நின்றார்.

"மடி யாரு மடியா வேணா இருக்கட்டும். 'குத்துங்க'ன்னு எம்புள்ள வாயால சொல்லணும். அதுவரைக்கும் ஊசி பாப்பா காதுல படக் கூடாது."

மகனை நேரில் பார்த்து இரண்டு வருடம் ஆகியிருந்தது அவருக்கு. அந்தப் பிடிவாதத்துக்குள் இருந்த ஏக்கம் எல்லோருக்கும் தெரியும்.

"போன்ல வீடியோ கால் போட்டா முடிஞ்சுபோச்சு" என்றாள் கவிதா.

"தாய்மாமனை உள்ளங்கை அளவுல காட்டுறதா? அவரு வாங்கிக் கொடுத்த லேப்டாப்லயே பெருசா காட்டுறேன் பாரு!" என்றேன். (இந்த வாக்கியத்தை அவள் இன்றுவரை என் குரலிலேயே சொல்லிக் காட்டுவாள்.)

பழைய சிஸ்டத்தை அழித்துவிட்டு, லினக்ஸ் என்கிற இலவச சிஸ்டத்தைப் போடுவது என்று முடிவெடுத்தேன். யூடியூபில் ஒரு பையன் டீ குடித்துக்கொண்டே போட்டுவிட்டான். அவன் போட்டது சாதாரண லேப்டாப்பில். ஏஆர்எம்முக்கு வேறு ரகம் வேண்டும் என்பதை நான் கவனிக்கவில்லை. சம்பா விதையைக் குறுவைப் பட்டத்தில் விதைத்த கதையானது. லேப்டாப்பில் விளக்கு எரிந்தது, கதிர் வரவில்லை. தேடிப்பிடித்து சரியான ரகத்தை ஏற்றி, அதற்கென்று கட்டளைகளைத் தட்டி, கடைசியில் ஜெயித்தே விட்டேன். படம், சத்தம், கேமரா எல்லாம் ஜோர். மச்சானையே கூப்பிட்டுப் பேசினேன். "மாப்ள, பிரமாதம்!" என்றார்.

அதோடு மூடி வைத்திருக்கலாம். விசேஷத்தன்று காலையில், எல்லாம் புதுசாக இருக்கட்டுமே என்று ஒரு அப்டேட் கொடுத்தேன். நம் வீட்டில் எல்லோரும் தலைக்குக் குளிக்கும்போது அது மட்டும் ஏன் அழுக்காக இருக்க வேண்டும்?

வாய்க்கால் கரையில் குலதெய்வம் கோயில். மொட்டை போட்டு சந்தனம் தடவிய பாப்பா குமார் மடியில். எதிரே நாற்காலியில் லேப்டாப். ஆசாரி ஊசியோடு தயார். வீடியோ கால் போட்டேன். மச்சான் வந்தார்.

படுத்துக்கொண்டு வந்தார்.

படம் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்திருந்தது. சத்தமும் இல்லை. அவர் கம்பெனி கேன்டீனில் வெள்ளை டைல்ஸ் சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். எங்களுக்கோ, வெள்ளை மெத்தையில் கிடந்து வாயை வாயைத் திறக்கிற மாதிரி தெரிந்தது.

"செந்திலு! ஏம்ப்பா படுத்துக் கெடக்குற?" என்று மாமியார் கிட்டே ஓடினார். "வாயத் தொறக்குறான், பேச்சு வரலையே! இது ஆஸ்பத்திரிதான? எல்லாரும் சேந்து எங்கிட்ட மறைச்சிட்டீங்களா?"

"இல்லத்த, அவரு நல்லாத்தான் இருக்காரு, அப்டேட்டுல..."

"என்ன டேட்டு? ஆபரேஷன் டேட்டா?"

லேப்டாப்பைத் திருப்பி நிமிர்த்தினேன். அதற்குள் இருக்கிற, எது மேல் எது கீழ் என்று கண்டுபிடிக்கும் கருவி காலை அப்டேட்டில் குழம்பிப்போயிருந்தது. நான் எந்தப் பக்கம் திருப்பினாலும் படமும் கூடவே திரும்பி, மச்சானைப் பழையபடி படுக்க வைத்தது. அறுபது சொந்தக்காரர்களும் தலையைத் தோளில் சாய்த்துப் பார்த்தார்கள். மாமியார் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழ, அவர் தங்கையும் சேர்ந்துகொண்டார்.

எங்கள் கேமரா மட்டும் ஒழுங்காக வேலை செய்தது. அதுதான் கொடுமை. அந்தப் பக்கம் மச்சானுக்கும் சத்தம் போகவில்லை; தன் அம்மா மாரடிப்பதை மட்டும் பார்த்தார். ஊரில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று அவரும் அழ ஆரம்பித்தார்.

"ஐயோ, வலி தாங்காம அழுவுறானே!"

ஆசாரி மெதுவாக ஊசியைக் கீழே வைத்தார். "மாமாவுக்கு ஒடம்பு தேறட்டுங்க. காது எங்க போயிடப் போவுது?"

கவிதா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தன் போனில் வீடியோ கால் போட்டாள். இரண்டாவது ரிங்கிலேயே மச்சான் குரல் ஸ்பீக்கரில் அலறியது: "அம்மா! அப்பாவுக்கு என்னாச்சு?"

"எனக்கு ஒண்ணுமில்லடா" என்றார் மாமனார், கையில் வெற்றிலைத் தட்டோடு. "மாப்ள கைய வச்சிட்டாரு."

மறுமுனையில் நீண்ட பெருமூச்சு. எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு. அந்த உள்ளங்கை அளவு போனில் நேராக நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "குத்துங்க" என்றார். பாப்பா அழவே இல்லை. கழுத்து சுளுக்கிய கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து மாமியார் மகனிடம் வீடியோ காலில் முதலில் கேட்பது சாப்பிட்டாயா என்று அல்ல. "எந்திரிச்சு நில்லுப்பா, பாப்போம்." மச்சானும் பஸ்ஸில் இருந்தாலும் எழுந்து நின்று காட்டுவார்.

போன மாதம் அவருக்கு நிஜமாகவே காய்ச்சல். படுத்திருந்தவர், அம்மா கூப்பிட்டதும் சுவரைப் பிடித்து எழுந்து, சிரித்துக்கொண்டே நின்று காட்டியிருக்கிறார். போனை வைத்தபிறகு எனக்கு மட்டும் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"மாப்ள, அந்த லேப்டாப் இன்னும் இருக்கா? அதுல மட்டும் அம்மாவ கூப்புடச் சொல்லியிருந்தா, நான் பாட்டுக்குப் படுத்தே கெடந்திருப்பேன். அது நிக்கிற மாதிரி காட்டியிருக்கும்."