லீக்கு அண்ணனும் கேபிள் டிவி பணமும்

விருத்தாசலத்தில் கவலைப்படுவதற்கென்றே கடவுள் ஓர் ஆளைத் தனியாக நியமித்திருந்தார். அவர் இருந்த தைரியத்தில் மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். அவர்தான் லீக்கு அண்ணன். சொந்தப் பெயர் அவர் மனைவிக்கும் ரேஷன் கடைக்கும் மட்டும் தெரியும். வாயைத் திறந்தால் "லீக்கு, லீக்கு" என்பதால் வந்த பட்டம் இது. ஊருக்குப் புதிதாக வந்த ஒரு வாத்தியார் அவரைக் குழாய் ரிப்பேர் செய்பவர் என்று நினைத்து வீட்டுக்குக் கூப்பிட, மறுக்கக் கூச்சப்பட்டு வாஷரை மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தவர்.

உண்மையில் அவர் ஒரு பீங்கான் கம்பெனியில் சூளை பார்ப்பவர். கரண்ட் பெட்டியில் மாட்டும் பியூஸ் கேரியர்கள் விரிசல் விடாமல் வெளியே வரும்வரை அவருக்குச் சோறு இறங்காது. காலேஜ் வாசலை மிதிக்காத அந்த மனிதர்தான், சுற்றுவட்டாரத்துக் கல்லூரிகள் ஆறும் சேர்ந்து நடத்திய கால்பந்து லீகின் செயலாளர். அந்தப் பதவிக்கு வேறு யாரும் ஆசைப்படவில்லை. ஆறு டீமில் ஆகக் கடைசி டீம் எங்களுடையது. அதற்கு நான் கோல் கீப்பர். பந்தைப் பிடித்ததைவிட வலையிலிருந்து பொறுக்கிக் கொடுத்ததுதான் அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை மேட்ச் என்றால் அண்ணன் விடிந்ததும் ரெஃப்ரி வீட்டுக்குப் போய், என்ன சாப்பிட்டார் என்று விசாரிப்பார். பூரி என்று பதில் வந்தால் அண்ணன் முகம் வெளுத்துவிடும். பாதி ஆட்டத்தில் ரெஃப்ரிக்கு வயிறு கலக்கினால் விசில் யார் ஊதுவது? ஆகையால் மாற்று ரெஃப்ரி ஒருவரைப் பட்டினி போட்டுத் தயாராக வைத்திருப்பார்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் உள்ளூர் கேபிள் சேனல் ஒன்று எங்கள் மேட்சுகளைக் காட்ட ஆரம்பித்தது. ஜவுளிக்கடை விளம்பரம் வந்தது, கூடவே பணமும் வந்தது. கூட்டம் சேர்க்கும் பெரிய காலேஜ் இரண்டும் அதில் முக்கால்வாசியை எடுத்துக்கொண்டன. மிச்சத்தை மற்ற நாலு டீமும் பிரித்துக்கொண்டோம். எங்கள் பங்கில் எனக்கு ஒரு ஜோடி கையுறை வாங்கினார்கள். அதுவும் பஜாரில் வெல்டிங் செய்பவர்கள் போடும் கையுறை.

அடுத்த வருஷம் அந்தப் பெரிய காலேஜ் இரண்டும் லீகை விட்டு விலகிக் கடற்கரைப் பக்கத்து லீகில் சேரப்போவதாகச் செய்தி வந்தது. அங்கே சேனலும் பெரிது, பணமும் பெரிது. பாண்டிச்சேரி வரை போய் விளையாட வேண்டும், அவ்வளவுதான்.

அண்ணன் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நாலாம் நாள் என்னையும் இழுத்துக்கொண்டு அந்த இரண்டில் முதல் காலேஜின் பி.டி. சாரைப் பார்க்கப் போனார்.

"ஆறு டீமு இருந்தாதான் சார் லீக்கு. நாலு பேரு இருந்தா அது சீட்டாட்டம்."

பி.டி. சார் நல்ல மனிதர். டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் பேசினார். "நான் இன்னாங்க பண்றது? போன மாசம் இந்தத் தம்பி டீமுக்கு எதிரா பதினோரு கோலு போட்டோம். கேமராக்காரன் தூங்கிட்டான். அத எவன் டிவில பாப்பான்?"

நான் டீ கிளாசுக்குள் தலையை விட்டுக்கொண்டேன். அண்ணன் விடவில்லை.

"பதினோரு கோலு போடணும்னா எதுத்தாப்புல ஒரு டீமு நிக்கணும் இல்லீங்களா? வெயில்ல நின்னு அத்தனையும் வாங்குனானே, அவனுக்கு அந்தப் பணத்துல சமபங்கு இருக்குதா இல்லியா?"

பி.டி. சார் டீக்காசைக் கொடுத்துவிட்டு எழுந்தார். இரண்டு காலேஜும் போய்விட்டன. பின்னாலேயே சேனலும் போனது.

நாலு டீமை வைத்துக்கொண்டு அண்ணன் லீகை நடத்தினார். டிவி இல்லாத குறை தெரியாமலிருக்க வாடகை மைக் செட் எடுத்துத் தானே வர்ணனை செய்தார். அது வர்ணனையே அல்ல, ஒப்பாரி. பந்து போகிறது என்பார். அங்கே ஆள் இல்லையே என்பார். அந்தப் பையன் நேற்றுதான் காய்ச்சலில் எழுந்தான், மெதுவாக இடியுங்கள் என்று எதிரணியைக் கெஞ்சுவார். அதைக் கேட்பதற்கென்றே கூட்டம் வர ஆரம்பித்தது. ஆட்டோக்காரர்கள் சவாரியை விட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

கூட்டத்தைக் கண்ட சேனல்காரரும் திரும்பி வந்தார். ஜனம் அதிகம் வரும் இரண்டு டீமின் மேட்சுகளை மட்டும் காட்டுவதாகச் சொன்னார். எல்லா டீமையும் காட்டி எல்லாருக்கும் ஒரே அளவு கொடுத்தால் வாருங்கள் என்று அண்ணன் சொல்ல, அவர் கேமராவோடு கிளம்பிவிட்டார். எங்களுக்குப் பொல்லாத கோபம், அந்த இரண்டில் எங்கள் டீமும் ஒன்று. என்னை டிவியில் பார்க்க அம்மா பக்கத்து வீட்டில் இடம் பிடித்து வைத்திருந்தார். ஒரு வாரம் அண்ணனோடு நாங்கள் யாரும் பேசவில்லை. அவர் மட்டும் தினமும் வந்து எங்கள் முட்டிக்காயங்களை விசாரித்துவிட்டுப் போனார்.

அந்த சீசன் முடிந்ததும் பி.டி. சார் தேடி வந்தார். அவர் டீமுக்காரர்கள் வாராவாரம் விடியற்காலையில் பஸ் பிடித்துக் கடற்கரைப் பக்கம் போய் அத்தனை மேட்சிலும் தோற்றிருந்தார்கள். அந்த ஊர் சேனல் அந்த ஊர் டீம்களைத்தான் காட்டியது.

"அங்க நாங்க பதினோரு கோலு வாங்குனோங்க" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

அண்ணன் பழி வாங்குவார் என்று நான் ஆவலோடு காத்திருந்தேன். "பசங்களுக்கு அடி கிடி படலியே?" என்று கேட்டார். பிறகு, சமபங்கு என்றால் வாருங்கள் என்றார். பி.டி. சார் தலையசைத்தார். பெரிய காலேஜே சம்மதித்த பிறகு சேனல்காரரும் வழிக்கு வந்தார். இரண்டாவது காலேஜ் திரும்பவே இல்லை. ஐந்து டீம் என்றால் வாராவாரம் ஒரு டீம் சும்மா உட்காருமே என்று அண்ணன் அன்றே ஆரம்பித்துவிட்டார்.

மறுபடி டிவியில் காட்டிய முதல் மேட்ச் எங்களுக்கும் பெரிய காலேஜுக்கும். விசில் ஊதும் நேரத்தில் அண்ணனைக் காணவில்லை. பார்க்கத் தெம்பில்லாமல் மைக்கை யாரிடமோ கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஆட்டம் முடிந்து தேடிப் போனால், ஜங்ஷனில் திருச்சி ரயில் நிற்கும் பிளாட்பார பெஞ்சில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தோத்துட்டோம்ணா" என்றேன்.

"எத்தினி?"

"ரெண்டு."

"ரெண்டுதானா?" என்று எழுந்து என் தோளில் கையைப் போட்டார். ஜங்ஷனிலிருந்து மைதானம் வரை அந்தக் கையை அவர் எடுக்கவில்லை. நண்பர்கள் பார்ப்பார்களே என்ற கூச்சம் எனக்கு. இருந்தாலும் கொஞ்சம் மெதுவாகவே நடந்தேன்.