முன்சீட்டில் பிரைட்டன்

படத்துக்காகப் பொம்மை செய்வார்களா, பொம்மைக்காகப் படம் எடுப்பார்களா, சொல்லுங்கள் பார்ப்போம்?

தக்கலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே 'அபினா ஃபேன்சி ஸ்டோர்' வைத்திருக்கும் பிரைட்டனுக்கு 2016 பெரிய லீவு வரைக்கும் இது தெரியாது. நாகர்கோவில் மொத்தக்கடை ஏஜென்ட் பொன்னுலிங்கம்தான் வந்து காதில் ஓதிவிட்டுப் போனார்.

"படம் வெறும் விளம்பரம், கேட்டியளா. டிக்கெட்ட ஒரு மட்டந்தான் விக்கலாம். பொம்மை, பேக்கு, தண்ணிக் குப்பி, இதெல்லாம் வருசம் பூரா விக்கலாம். ரெண்டாம் பாகத்துல வீரன் புதுச் சட்டை போடுதான்லா, எதுக்கு? பழைய பொம்மை வச்சிருக்க பிள்ளை புதுசு கேட்டு அழணும்!"

பிரைட்டன் அசந்துபோனான். உலகத்து சினிமாக் கம்பெனியெல்லாம் தன் கடையை நம்பித்தான் படம் எடுக்கிறது என்று தோன்றிவிட்டது. அன்றைக்குத் தூக்கிவிட்ட காலரைப் பிறகு அவன் இறக்கவே இல்லை.

அட்டைப்பெட்டி வந்து இறங்கியது. ஐந்து வீரர்கள் சேர்ந்து உலகத்தைக் காப்பாற்றும் படத்தின் பொம்மைகள். ஐவரில் ஒருத்தி பெண். இடிந்து விழுகிற பாலத்தில் மோட்டார் சைக்கிளோடு அக்கரைக்குச் சாடுவாள். இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் அபினா, நாகர்கோவில் தியேட்டரில் அந்தக் கட்டம் வந்தபோது சீட்டின் மேலேயே ஏறி நின்றுவிட்டாள். இப்போது மோட்டார் சைக்கிள் பொம்மையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்பா, வண்டியில சாடுனது அந்த அக்காதானே? இதுல ஏன் மாமன் இருக்கு?"

"அக்கா பொம்மை வராது மக்ளே. பொம்பள பொம்மைய ஆம்பளப் பிள்ளையளு வாங்காதாம். கம்பெனிக்காரன் கணக்கு."

விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த ஷெர்லி நிமிர்ந்தாள். "அப்போ அவளுக்க வண்டி மட்டும் எப்படி வந்துது?"

"வண்டி பாக்க நல்லா இருக்குல்லா. அதான் வண்டிய வச்சுக்கிட்டு ஆள மாத்திட்டான்."

"கொள்ளாம்! ஓட்டுனது ஒருத்தி, பொட்டிக்குள்ள இருக்கது ஒருத்தன்."

"அதாண்டி யாவாரம்."

அபினா பொம்மையை மெதுவாகத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தாள். "அப்போ நான் வளந்தா வண்டி ஓட்டப்படாதாப்பா?"

பிரைட்டன் சிரித்தான். ஷெர்லி சிரிக்கவில்லை.

அவர்கள் வீட்டில் ஒரு சிவப்பு ஸ்கூட்டர் உண்டு. ஷெர்லி கல்யாணத்துக்கு முன் கடியப்பட்டணத்தில் வேலைக்குப் போன காலத்திலேயே சொந்தச் சம்பளத்தில் வாங்கியது. நாகர்கோவிலிலிருந்து சரக்கு வருவது அதில். அபினா பள்ளிக்கூடம் போவது அதில். பிரைட்டன் கடைக்கு வருவதும் அதில்தான், பின்சீட்டில். கல்யாணமான புதிதில் ஒருநாள் வண்டி ஓட்டப் படிக்கக் கிளம்பினான். நேராகப் போய் டீக்கடை பேபி அண்ணனின் தோப்புக்குள் குலை தள்ளின வாழையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். வாழைக்கும் வெட்கம், அவனுக்கும் வெட்கம். அதோடு சரி. யாராவது கேட்டால், "மொதலாளி என்னைக்கும் பின்னாலதான் இருப்பான். முன்னால இருக்கது டிரைவரு" என்பான்.

மறுநாளே கம்பெனி மூளை அவனுக்கும் வந்துவிட்டது.

"ஏட்டி ஷெர்லி, கடைக்குப் பெருசா ஒரு பிளெக்ஸ் வைக்கப் போறேன். ஒனக்க ஸ்கூட்டர்ல நான் இருக்கேன். கூலிங் கிளாஸு. பின்னால நெருப்பு."

"நெருப்பா? சைலன்சருல கோளாறா?"

"எளவே, அது கிராபிக்ஸு!"

"முன்னால இருந்தா நீங்க டிரைவரு ஆயிருவியளே. மொதலாளி யாரு?"

"பிளெக்ஸுல முன்சீட்டுதான் மொதலாளி சீட்டு."

"நான் எங்க இருக்கேன்?"

"நீ இல்ல. ஆனா மைக்கு ஆட்டோல நீதான் பேசுத. கோயில் பாட்டுக்குழுக் குரல்லா! முகம் எனக்கது, குரல் ஒனக்கது. செரிபாதி."

"செரி," என்றாள் ஷெர்லி.

ஷெர்லி ஒற்றை வார்த்தையில் 'செரி' சொன்னால் சரியில்லை என்பது எட்டு வருடமாகக் குடித்தனம் நடத்துகிறவனுக்குத் தெரியும். ஆனால் அன்றைக்குக் கூலிங் கிளாஸ் கண்ணை மறைத்துவிட்டது.

பிளெக்ஸ் ஏறியது. பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாம் தலையை நீட்டிப் பார்த்தார்கள். பிரைட்டன் கடையைக் கவனிப்பதை விட்டுவிட்டு, பக்கத்திலிருந்த பேபி அண்ணனின் டீக்கடை பெஞ்சிலேயே குடியேறினான். அங்கிருந்து பார்த்தால் நெருப்பு நன்றாகத் தெரியும்.

"ஏலே, இது எனக்க வாழையக் கட்டிப்பிடிச்ச பிரைட்டனாலே?" என்றார் பேபி அண்ணன்.

"ஆளு வளராதாண்ணே?"

அந்த நேரம் பார்த்து மைக் ஆட்டோ வந்தது. ஷெர்லியின் பதிவு செய்த குரல் தேனாக வழிந்தது.

"அன்பார்ந்த பெற்றோர்களே! வருகிற சனிக்கிழமை மாலை அபினா ஃபேன்சி ஸ்டோரில் பொம்மை வாங்கும் ஒவ்வொரு குழந்தைக்கும், பேனரில் நீங்கள் காணும் வீரர் பிரைட்டன் அவர்களே, தம் கையால் ஸ்கூட்டர் ஓட்டி, ஊரைச் சுற்றிக் காட்டுவார்!"

டீ மூக்கில் ஏறியது. ஒரே பாய்ச்சலாகக் கடைக்குள் நுழைந்தான்.

"என்னட்டி செய்து வச்சிருக்க?"

"யாவாரம்."

"எனக்கு ஓட்டத் தெரியாதுல்லா!"

"பிளெக்ஸுல பறக்குதியளே."

"அது வெறும் விளம்பரமுட்டி!"

"விளம்பரத்தப் பாத்துத்தானே சனம் வரும்? நீங்கதான் சொல்லித் தந்திய."

"ஆட்டோவ நிறுத்தச் சொல்லு!"

"காலையிலயே குலசேகரம் வரைக்கும் சொல்லியாச்சு."

சனிக்கிழமை வந்தேவிட்டது. கடை வாசலிலிருந்து டீக்கடை தாண்டிப் பிள்ளைகளின் வரிசை. உள்ளே பொம்மை இருந்த தட்டெல்லாம் காலி. இப்படி ஒரு விற்பனையை அந்தக் கடை கண்டதில்லை. கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டு பிரைட்டன் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தான். கைத்தட்டல்! ஸ்டார்ட் பட்டன் என்று நினைத்து ஹாரனை அமுக்கினான். அதுவும் கத்தவில்லை. வேறொன்றை அமுக்கினான். அதற்கும் வண்டி அசையவில்லை.

"அங்கிள், வண்டி எப்போ போவும்?"

"எஞ்சின் சூடாவட்டு மக்ளே."

"வாழை ஏதாவது நிக்குதான்னு பாத்துக்கிடு மக்கா!" என்று டீக்கடையிலிருந்து சத்தம் வந்தது. வரிசை முழுக்கச் சிரித்தது. பிரைட்டனுக்கு வேர்த்து ஊற்றியது. பேனரில் இருந்த பிரைட்டன் மட்டும் நெருப்புக்கு நடுவிலும் வேர்க்காமல் சிரித்துக்கொண்டிருந்தான்.

அப்போது ஷெர்லி கடையிலிருந்து இறங்கி வந்தாள். துப்பட்டாவை இடுப்பில் இழுத்துக் கட்டியிருந்தாள். வண்டிச் சாவி அவள் விரலில் சுற்றிக்கொண்டிருந்தது.

வரிசையில் முதலாவதாக நின்ற அபினா நெஞ்சை நிமிர்த்தினாள். பின்னால் நின்ற பிள்ளைகளை ஒருமுறை பெருமையாகத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, கொஞ்சம் எறங்கித் தருவியளா? வண்டி ஓட்டுத ஆளு வந்தாச்சு."