குமிழி நடுவில் இல்லை

மதிப்பும் மரியாதையும் மிகுந்த அக்கா அவர்களுக்கு,

தங்கையின் பணிவான வணக்கம். நானும் அப்பாவும் நலம். வண்டியும் நலமே, பின்கதவு மட்டும் இப்போது ஒரு கயிற்றின் பொறுப்பில் இருக்கிறது. நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். விசாரிக்க வழியில்லை, இங்கே சிக்னல் கிடையாது. இந்தக் கேரவன் முகாமின் மேலாளர் நாளை காலை மலையிறங்குகிறார். அவருடைய சட்டைப்பையில் இந்தக் கடிதம் வரும்.

நீ எனக்குக் கொடுத்தது ஒரே ஒரு வேலை. வெள்ளிக்கிழமை வரை அப்பாவைக் கீழே இறங்க விடாதே. அதற்குள் அந்தத் துணிக்கடைக்காரர் தன் மூன்று மாடித் தரை வேலையையும் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார். இனி முட்டி போட்டால் முட்டியே இருக்காது என்று டாக்டர் சொன்ன பிறகு, அறுபத்தெட்டு வயதில், அப்பா டைல்ஸ் பதிக்கப் போகாமல் தப்பிப்பார். "அவருக்குத் தெரிய வேணாம். சும்மா உக்கார வை, அது போதும்" என்றாய்.

சும்மா. அப்பாவை.

ஞாயிறு மதியம் வந்தோம். கேரவன் என்றால் நடிகர்கள் முகப்பூச்சு போட்டுக்கொள்ளும் வண்டி என்று நினைத்திருந்த அப்பா, உள்ளே அடுப்பையும் கட்டிலையும் கழிவறையையும் பார்த்துவிட்டு, "இவ்வளவும் வச்சவன் தரையை மட்டும் பிளாஸ்டிக்குல போட்டிருக்கான் பாரு" என்றார். வெளியே ஊசியிலை மரங்கள். உயரம். ஈரம். குளிர் காதுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. நாற்காலியை விரித்து அப்பாவை அமர்த்தி, கையில் தேநீரைக் கொடுத்தேன். அப்பா அதைக் குடிக்கவில்லை. கோப்பையையே உற்றுப் பார்த்தார். "சின்னவளே, டீ ஒரு பக்கமா சாயுது." பிறகு பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்தார். ஆமாம், கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி நீந்துமே, அதேதான். பல் துலக்கும் பிரஷை மறந்துவிட்டு வந்த மனிதர் இதை மறக்கவில்லை. சமையல் மேடையில் வைத்துப் பார்த்தார். "குமிழி நடுவுல இல்ல."

அன்றிலிருந்து இன்று வியாழன் வரை ஏழு முறை வண்டியை நகர்த்திவிட்டோம், அக்கா. ஏழு. நான் ஓட்ட, அப்பா பின்னால் நின்று வா வா வா என்று சொல்ல, நான் வர, நில்லு என்று அவர் சொல்வதற்கும் மரம் நில்லு என்று சொல்வதற்கும் இடையில் அரை நொடிதான் இருந்தது, அதில்தான் பின்கதவு போனது. வண்டியை நிறுத்தியதும் தாழ்ந்த சக்கரத்துக்கு அடியில் கட்டை வைக்க வேண்டும். அப்பா முட்டி போடப் போனார். நான் கத்தினேன். "அப்ப நீ போடு" என்றார். போட்டேன். அதிலிருந்து சட்டமே ஆகிவிட்டது: முட்டி போடுவது நான், குமிழி பார்ப்பது அவர். மண்ணில் கிடந்தபடி கேட்பேன், "இப்பப்பா?" உள்ளேயிருந்து குரல் வரும், "ஒரு நூல் தூக்கு." அந்த அரைக்கால் அங்குலத்தைத் தூக்குவேன். "அரை நூல் இறக்கு." பாத்திரங்களை அலமாரியிலிருந்து எடுத்துப் பெட்டியில் அடைப்பதும், தண்ணீர்க் குழாயைக் கழற்றுவதும், நகர்ந்த பின் மறுபடி மாட்டுவதும், கழிவுத் தொட்டியைக் காலி செய்வதும் நான். அதைப் பற்றி எழுத மாட்டேன். நான் முதுகலை படித்தவள்.

மேலாளர் செவ்வாயன்று வந்தார். "ஏம்மா, இது வண்டியா பம்பரமா? எங்க நிக்குதுன்னு புக்குல எழுதறதா வேணாமா?"

"எழுதுங்க சார், பென்சிலால எழுதுங்க" என்றார் அப்பா.

பக்கத்து வண்டியில் ஒரு பல் டாக்டரும் அவர் மனைவியும் இருக்கிறார்கள். புதனன்று அந்த டாக்டர் தயங்கித் தயங்கி வந்து, "ஐயா, எங்க வண்டியையும் கொஞ்சம் பாக்கறீங்களா? தூக்கத்துல இவ என் மேலேயே உருண்டு வர்றா" என்றார். அந்த அம்மா ஜன்னலைத் திறந்து, "நானா வர்றேன்? பள்ளத்தைப் பாத்துப் படுத்துக்கிட்டு என்னை இழுக்கறது யாரு?" என்று கேட்டார். அப்பா இருவரையும் பார்த்துவிட்டு, "வண்டிதான்மா கோணல், நீங்க ரெண்டு பேரும் நேராத்தான் இருக்கீங்க" என்று சமாதானம் சொன்னார். கட்டை வைத்தது யார்? நான். அதற்குப் பிறகு இன்னும் மூன்று வண்டிகள். அப்பா ரசமட்டத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு முன்னே நடக்கிறார், நான் கட்டைகளைச் சுமந்துகொண்டு பின்னே. ஓய்வு எடுக்க வந்த இடத்தில் அப்பாவுக்குத் தொழில் சூடு பிடித்துவிட்டது. எனக்கு இடுப்பு.

நானும் ஒரு மனுஷிதானே. முகாமுக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது. அதில் ஏறினால் போனில் ஒரு கோடு வரும். பேச முடியாது, புது மெயில் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் தெரியும். ஆய்வேட்டை மூன்றாம் முறை திருத்தி அனுப்பிவிட்டு, நெறியாளரின் பதிலுக்காகக் காத்திருக்கிறேன். அது இந்தக் கடிதத்துக்குச் சம்பந்தமில்லாத விஷயம். நீ கேட்காதே. பாறைக்கு ஒரு நாளைக்கு ஆறேழு தடவைதான் போகிறேன். மற்ற நேரத்தில் அமைதியாகக் கழுவிய கோப்பையைக் கழுவிக்கொண்டோ, வண்டியைச் சுற்றி நடந்துகொண்டோ இருக்கிறேன். ஆனால் பாறையில் கால் வைத்தால் போதும், கீழே விசில். "சின்னவளே, குமிழி நகர்ந்துருச்சு!" ஓடி வருகிறேன். கட்டை. முட்டி. ஒரு நூல். இந்த மனிதரால் ஒரு மணி நேரம் ஓரிடத்தில் அமைதியாக இருக்க முடியவில்லை. பார்க்கப் பாவமாக இருக்கிறது. என்ன நிலைகொள்ளாமை அது, யாரிடமிருந்து வந்ததோ.

ஆனால் உன் வேலையை முடித்துவிட்டேன். நாளை வெள்ளி. துணிக்கடை பற்றி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. அவருக்கு எதுவும் தெரியாது. முட்டியும் பத்திரம். அவருடையது.

அத்தானுக்கு என் அன்பு. உனக்கு இவ்வளவு முன்யோசனையைக் கொடுத்த கடவுள், என்றும் உன்னைக் காக்கட்டும்.

பணிவுள்ள,
உன் தங்கை

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்ட பிறகு இன்னொரு தாள் கிழிக்கப் போனேன். வெற்றுத் தாள், ஆனால் விரலால் தடவினால் எழுத்து. அப்பாவும் இதே நோட்டில் கடிதம் எழுதியிருக்கிறார். டைல்ஸில் கோடு போடும் அந்தத் தடித்த பென்சிலால், சுத்தியல் அடிப்பதுபோல் அழுத்தி. தவறுதான். இருந்தாலும் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தேன்.

"பெரியவளுக்கு. நீ சொன்னபடி சின்னவளைக் கூட்டிக்கிட்டு வந்துட்டேன். ரெண்டு நிமிஷம் சேர்ந்தாப்புல உக்கார மாட்டேங்கறா. போனைத் தூக்கிக்கிட்டுப் பாறைக்கும் வண்டிக்குமா நடக்கறா. அதான் வண்டியை நகர்த்தச் சொல்லிக்கிட்டே இருக்கேன். வண்டி ரெண்டாவது தடவையே மட்டமாயிருச்சு. கட்டை தூக்குனா நல்லா சாப்பிடறா. நேத்து சாயங்காலம் தட்டுல கை வச்சபடியே தூங்கிட்டா. இத்தனை மாசத்துல இப்பத்தான் இப்படித் தூங்கறா. துணிக்கடைக்காரர்கிட்ட போன வாரமே முடியாதுன்னுட்டேன், முட்டி என்னுதுதானே. அவகிட்ட சொல்லிராதே. என்னைக் காவல் காக்கறோம்னு நினைச்சாத்தான் இங்க இருப்பா. இல்லன்னா ஓடிருவா."

ஆக, நீ அப்பாவுக்குக் காவல் வைத்தது என்னை. எனக்குக் காவல் வைத்தது அப்பாவை. வண்டி மட்டும் ஒன்று. மதிப்பும் மரியாதையும் மிகுந்த என்று மேலே எழுதியதை அடித்துவிட்டு வாசிக்கவும்.

எழுந்து சமையல் மேடைக்குப் போனேன். ரசமட்டம் அங்கேதான் இருந்தது. நான்கு நாட்களில் நான் அதைப் பார்ப்பது இதுதான் முதல் முறை. குமிழி நட்ட நடுவில், ஆணி அடித்ததுபோல் நின்றது.

வெளியேயிருந்து விசில். "சின்னவளே, வலப்பக்கம் தாழ்ந்த மாதிரி இருக்கே, பாத்தியா?"

"ஆமாப்பா" என்றேன். "நல்லாத் தாழ்ந்திருக்கு."

கட்டையை எடுத்துக்கொண்டு போகிறேன்.