ஒரு சாண் தையல் பாக்கி

பிரிக்பீல்ட்ஸ்,
1934 ஆகஸ்டு 9

சௌபாக்கியவதி சீதாலெட்சுமிக்கு உன் அப்பா அய்யாக்கண்ணு ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நான் சௌக்கியம். இடது கைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் அவ்வளவு சௌக்கியமில்லை; காரணம் கீழே வருகிறது. கிள்ளானில் நீயும், மாப்பிள்ளை ராதாகிருஷ்ணனும், சம்பந்தியம்மாளும், இன்னும் பெயர் வைக்காத அந்த ஒருவரும் நலமாயிருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன்.

தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவதுதான் முறை. தாயில்லாத வீட்டுக்கு எதை நம்பி அழைப்பது என்று நான் வாயைத் திறக்கவில்லை. நீயும் கோபித்துக்கொள்ளாமல், "அம்மாவின் பழைய புடவை ஒன்று அனுப்புங்கள் அப்பா, பிள்ளையை முதலில் அதில்தான் கிடத்த வேண்டும்" என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். இரண்டு மாதமாய்ப் புடவை வந்து சேராததற்கு மழைதான் காரணம் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். மழையின் மேல் ஒரு தப்பும் இல்லை. உன் அம்மா போன மறுவாரம் அவள் புடவைகளைத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டியவன், மூன்று வருஷமாய்த் திறக்கவேயில்லை. திறந்தால் அவள் வாசனை போய்விடும் என்று ஓர் எண்ணம். நீ கேட்ட பிறகு திறந்தேன். உள்ளே ஈரம் கோத்து, பூஞ்சை பிடித்து, பூச்சி அரித்து, ஏழு புடவையில் ஒன்றுகூட முழுசாக இல்லை, சீதா. மடிப்பைப் பிரித்தால் மடிப்போடு கிழிந்தது. வெயில் காட்டாமல், காற்றாட விடாமல், பத்திரம் பத்திரம் என்று நானே பாழாக்கிவிட்டேன். உட்கார்ந்து அழுதேன். பார்த்தவள் பக்கத்து வீட்டுப் பவுனம்மாள் ஒருத்திதான். அதனால் இந்நேரம் பிரிக்பீல்ட்ஸ் முழுவதும் தெரிந்திருக்கும்.

அவள்தான் சொன்னாள்: "அழுதா கிழிசல் ஒட்டிக்குமா அண்ணே? நல்ல இடமா பாத்து வெட்டுங்க. துண்டு துண்டா சேத்துத் தைச்சா பிள்ளைக்கு ஒரு விரிப்பு ஆகும்லா."

"நீயே தைச்சுக் குடும்மா" என்றேன்.

"நான் தைச்சா என் துணியாயிடும். நீங்க தைங்க."

இருபத்தெட்டு வருஷம் ரயில்வேயில் கொடி காட்டிய கைக்கு ஓர் ஊசி எம்மாத்திரம் என்று பாசார் கடைத்தெருவுக்குப் போய் ஊசியும் நூலும் வாங்கி வந்து உட்கார்ந்தேன். நூல் கோக்கவே ஒரு முற்பகல் போயிற்று. அடிக்கடி கோக்க வேண்டாமே என்று நூலை வாசல் வரை நீளமாக எடுத்தேன்; அது நாற்காலிக் காலைச் சுற்றி, பூனையைச் சுற்றி, கடைசியில் என்னைச் சுற்றிக்கொண்டது. பிறகு முழ நீளம் எடுத்து, ஊசியைத் தள்ள வலது கை விரலில் இரும்புக் குல்லாயும் மாட்டிக்கொண்டு, இடது கை விரல்களை ஊசிக் குத்துக்குக் கொடுத்து, மெயில் வண்டி வேகத்தில் தைத்து முடித்துப் பெருமையோடு தூக்கினேன். பாயும் கூடவே எழுந்து வந்தது. பவுனம்மாள் சிரித்துவிட்டு, அத்தனையையும் பிரித்துப்போட்டாள். "உங்கள யாரு தொரத்துறா? ஊசி உள்ள போறப்ப மூச்ச இழுங்க, வெளிய வர்றப்ப விடுங்க. கண்ணு தையல்லயே இருக்கட்டும். வேற ஒண்ணும் நெனைக்காதீங்க" என்றாள். மூச்சு சரியாக வந்தது. நினைக்காமல் இருப்பதுதான் நடக்கவில்லை. நீலத் துண்டில் அடுப்புப் பொறி பட்ட ஓட்டை ஒன்று இருக்கிறது. அன்றைக்கு, "புதுப்புடவையைக் கட்டிக்கொண்டா அடுப்படியில் நிற்பாய்" என்று அவளைத் திட்டினேன். நான் வெளியூர் வேலை முடிந்து வருகிறேன் என்றுதான் அவள் புதுசைக் கட்டியிருந்தாள். இது இப்போது, அந்த ஓட்டையைச் சுற்றித் தைக்கும்போதுதான் எனக்குத் தெரிகிறது. பவுனம்மாளிடம் சொன்னேன். "நெனப்பு வந்தா வரட்டும், கை நிக்கக் கூடாது" என்றாள். நிற்கவில்லை. அதற்குப் பிறகு தையல் ஓரளவு நேராக வந்திருக்கிறது, பார்த்தால் தெரியும்.

நடுவில் ஒரு கூத்து நடந்தது. துண்டுகளை அலசி, தண்டவாளத்து ஓரக் கம்பி வேலியில் காயப்போட்டேன். உன் காதுகுத்துக்கு அம்மா கட்டிய சிவப்புச் சுங்குடி நல்ல பெரிய துண்டு. காற்றில் அது பறந்து ஆட, கிள்ளான் வண்டி கிறீச்சென்று என் வீட்டுக்கு எதிரே நின்றுவிட்டது! சிவப்பைக் கண்டால் நிறுத்த வேண்டும் என்று ஊருக்கே சொன்னவன் நான். டிரைவர் அம்புரோஸ் பதறி எட்டிப் பார்த்தான். "என்னாண்ணே, லைன்ல என்னா?"

"ஒண்ணுமில்லப்பா. பொடவை காயுது."

"யாரு பொடவை?"

"இராஜம்மாளோடது."

திட்டுவான் என்று நின்றேன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வண்டியை மெதுவாக எடுத்துக்கொண்டு போனான். அன்றுமுதல் போகும்போதெல்லாம் குட்டையாக ஒரு விசில் கொடுக்கிறான். நானும் ஜன்னலில் விரிப்பைத் தூக்கி, எவ்வளவு ஆயிற்று என்று காட்டுகிறேன்.

நேற்றோடு முடித்திருப்பேன். பவுனம்மாள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை பிறக்கும் முன்னே அதற்கென்று எதையும் முழுசாக முடிக்கக் கூடாதாம். ஆகவே ஒரு மூலையில் ஒரு சாண் தைக்காமல், ஊசியை அப்படியே குத்தி விட்டிருக்கிறேன். நாளைக் காலை வண்டியில் அம்புரோஸிடம் கொடுத்தனுப்புகிறேன். பிள்ளை பிறந்ததும் அந்த ஒரு சாணை நீயோ சம்பந்தியம்மாளோ தைத்து முடிச்சுப் போட்டுவிடுங்கள். அம்மாவின் புடவையை நாசமாக்கியவன் என்று என் மேல் கோபம் இருந்தால் அதையும் எழுதிவிடு. அங்கே வந்து இருங்கள் என்று நாலு கடிதம் போட்டுவிட்டாய். பெண்ணைக் கொடுத்தவன் சம்பந்தி வீட்டில் போய் உட்காருவது மரியாதையில்லை. மேலும் இங்கே பூனையைப் பார்க்க ஆள் கிடையாது. நான் வருவதற்கில்லை. வற்புறுத்தாதே.

மாப்பிள்ளைக்கும் சம்பந்தியம்மாளுக்கும் என் வணக்கம். உனக்கும் வயிற்றில் இருப்பவருக்கும் என் ஆசி, உன் அம்மாவின் ஆசியும் சேர்த்து.

இப்படிக்கு,
அப்பா
அய்யாக்கண்ணு

பின்குறிப்பு: காலையில் ஸ்டேஷனுக்குப் போய் விரிப்பை அம்புரோஸிடம் நீட்டினேன். அவன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான், மறுமுனையை என்னால் விட முடியவில்லை. "நீங்களே ஏறுங்கண்ணே, வண்டியில எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க" என்றான். அரை நாழிகை கேட்டு வாங்கி, வீட்டுக்கு ஓடி வந்து இதை எழுதுகிறேன். பூனையைப் பவுனம்மாள் பார்த்துக்கொள்வாள். அந்த ஒரு சாணை நான்தான் தைப்பேன், வேறு யாரும் தொட வேண்டாம். கடிதத்தையும் என் கையாலேயே தருகிறேன். என் எதிரே படிக்காதே. அம்மாவின் தகரப் பெட்டியையும் எடுத்து வருகிறேன். அதில் என் வேட்டி சட்டைகள் இருக்கின்றன. பூட்டுப் போடவில்லை.